ரிச்சர்ட்சனில் ஒரு சின்னக் கடல்

ரிச்சர்ட்சன்வாசிகளுக்குக் கடல் என்றால் கால்வெஸ்டன்தான். 75-ஐப் பிடித்து, டாலஸைத் தாண்டி, 45-ல் தெற்கே இறங்கிக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 300 மைல். பசங்களுக்கு ஒரு பாத்ரூம் நிறுத்தம், நமக்கு ஒரு காபி என்று சேர்த்தால் ஐந்து மணி நேரம். நம்ம ஊர்க் கணக்கில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்.

ஆனால் இந்த இடம் எப்போதும் இப்படிக் கடலுக்குத் தூரமாக இருந்ததில்லை. ப்ரெய்ரி க்ரீக் பார்க்கில் ஒரு குட்டி அருவி விழுமே, கிராஜுவேஷன் போட்டோ எடுக்க எல்லாரும் போய் நிற்கிற இடம், அந்த வெள்ளைப் பாறையை அடுத்த முறை போனால் தொட்டுப் பாருங்கள். அதற்கு ஆஸ்டின் சாக் என்று பெயர். சுமார் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதில் மிதந்த, கண்ணுக்கே தெரியாத பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையானதுதான் அது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஆர்க்டிக் வரை அமெரிக்காவை நடுவில் பிளந்துகொண்டு கிடந்த கடல். அந்தக் காலத்துக் கடல் பல்லி ஒன்றின் எலும்புகள் 1989-ல் டாலஸில் கிடைத்தன. அதற்கு டாலசாரஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ஊரில், எங்கள் வீட்டு ஃபேமிலி ரூமில், 180 காலன் உப்புத் தண்ணீர் தொட்டி ஒன்று வைப்பது என்று போன வருஷம் முடிவானது. ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். மீன் வளர்க்கிறவர்கள் இதைப் பெரிய தொட்டி என்றுதான் சொல்வார்கள். அதில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்று முடிவு செய்ய எங்களுக்குக் கிட்டத்தட்ட அரை வருஷம் பிடித்தது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இதே யோசனையில் இருக்கும் அப்பா அம்மாக்கள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருப்பதால், யோசித்ததையெல்லாம் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊர்ப் பொருத்தம்

மீனுக்கு மீன் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால், மீனுக்கும் ஊருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். ரிச்சர்ட்சனில் அதற்கு மூன்று விஷயங்கள்: தரை, தண்ணீர், கரன்ட்.

தரை என்றால் கரிசல் மண். வட டெக்சாஸின் கறுப்பு மண்ணும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஒரே வகை. வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும். அதனால்தான் இங்கே கோடையில் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றியும் தண்ணீர் விடுகிறோம். 180 காலன் தண்ணீரே ஏறக்குறைய 700 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். ஸ்லாப் மேல் கட்டிய வீட்டில் கீழ்த்தளம் அந்தக் கனத்தைத் தாங்கும். பார்க்க வேண்டியது மட்டம். என் கணவர் ரசமட்டத்தை வைத்து நான்கு மூலையும் பார்த்தார். வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்குப் பிறகும் கோடை முடிந்த பிறகும், மறுபடி பார்ப்பது என்று முடிவு. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அழுத்தம் முழுக்க ஒட்டுப்பகுதியில் போய் நிற்கும்.

தண்ணீர் லவான் ஏரியிலிருந்தும் இன்னும் சில ஏரிகளிலிருந்தும் வருகிறது. சுத்தம் செய்ய க்ளோரமின் கலக்கிறார்கள். நாம் குடிக்கலாம், மீனுக்கு விஷம். பழைய க்ளோரின் என்றால் ஒரு நாள் திறந்துவைத்தால் பெரும்பாலும் போய்விடும், க்ளோரமின் அப்படிப் போகாது. இதில் இன்னொன்று: ஒவ்வொரு வசந்தத்திலும், பெரும்பாலும் மார்ச்சில், ஒரு மாதம் போல க்ளோரமினை நிறுத்திவிட்டு வெறும் க்ளோரின் விடுவார்கள், குழாய்களைச் சுத்தமாக வைக்க. அந்த மாதம் தண்ணீர் வாசனை மாறுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஆகவே குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவது என்ற பேச்சே இல்லை. கார்பன் ஃபில்டரோடு ஆர்.ஓ., அதற்குப் பிறகு மிச்ச உப்பையும் எடுக்கும் ஒரு குழல், அதன் பிறகுதான் கடல் உப்பு. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 20 கிலோவுக்கு மேல் உப்பு கரைந்தது. நம்ம ஊரில் ஆர்.ஓ. வைப்பது நாம் குடிக்க. இங்கே மீனுக்காக வைத்திருக்கிறோம்.

கரன்ட்டைப் பற்றி டெக்சாஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி. வீட்டுக்கு வீடு கரன்ட் இல்லை. பவளப்பாறை மீனுக்கு 76-லிருந்து 80 டிகிரி வேண்டும். கோடையில் இதற்கு நேர் எதிர்: 2011-ல் 71 நாள் 100 டிகிரியைத் தொட்டது. அதனால் மீன் வாங்குவதற்கு முன்னாலேயே பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டு வாங்கியாயிற்று. கரன்ட் போனால் முதலில் தீர்வது சூடு இல்லை, ஆக்சிஜன். தொட்டியில் எத்தனை மீன் இருக்கிறதோ அத்தனை வேகமாகத் தீரும். "இத்தனை மீன் போதும்" என்று நாங்கள் நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாத்தாவோடு மீன் கடைக்கு

ரிச்சர்ட்சனைச் சுற்றி அரை மணி நேர தூரத்தில், ப்ளேனோ, காரல்டன், கார்லண்ட் பக்கமெல்லாம் சேர்த்து, கடல் மீன் விற்கிற கடைகள் நாலைந்து இருக்கின்றன. ஒரு மாதம் சனிக்கிழமை தோறும் அதுதான் எங்கள் சுற்றுலா. தமிழ் ஸ்கூல் முடிந்ததும் பசங்களை ஏற்றிக்கொண்டு, கூடவே என் அப்பாவையும். அப்பா டெலிகாம் காரிடாரில் வேலை பார்த்து ரிடயர் ஆனவர். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் கடல் பார்த்து வளர்ந்தவர்.

பசங்க போஸ்டர் பார்க்கிற மாதிரி கலரைப் பார்த்தார்கள். அப்பா மார்க்கெட்டில் நிற்கிற மாதிரி நின்றார். மஞ்சள் நிறத்தில், நரி முகம் மாதிரி கூரான வாயோடு ஒரு மீன். கடைக்காரர் ஃபாக்ஸ்ஃபேஸ் என்றார்.

"ஏலே, இது ஒரா லே," என்றார் அப்பா பேரனிடம். "நம்ம ஊருல கலர் வேற, சாதி ஒண்ணுதான். வெரல்ல முள்ளு ஏறிச்சின்னா அன்னிக்குப் பூரா வேலை ஓடாது."

"கடிக்குமா தாத்தா?"

"கடிக்காது. பாசி திங்கிற மீனு. அது பாட்டுக்குப் போவும். நீ கைய வச்சாத்தான் வம்பு."

அடுத்த தொட்டியில் உடம்பெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி வைத்த க்ளவுன் ட்ரிகர். என் மகன் அதிலேயே விழுந்துவிட்டான். அப்பா, "இது கிளாத்தி. பல்லைப் பாரு. நண்டு ஓட்டையே கடிச்சி உடைக்கும்" என்றார். மூலையில் பாறைக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்த குட்டி க்ரூப்பரைக் காட்டி, "களவா. அது வாய்க்குள்ள எது போவுமோ அது அதுக்குச் சாப்பாடு" என்றார். பாறை இடுக்கில் அஞ்சாலை. பக்கத்துத் தொட்டியில் பேத்தை. நான் இந்த ஊரிலேயே வளர்ந்தவள். இந்தப் பெயர்களில் பாதி எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா சொன்ன மூன்று மீனிலும் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இருந்தன. ஒரா: இதனால் யாருக்கு ஆபத்து, எப்போது? கிளாத்தி: இது எதைத் தின்னும்? களவா: வளர்ந்த பிறகு இதன் வாய் எவ்வளவு பெரிசு? கடையில் பார்க்கும் அளவு மீனின் அளவே இல்லை. இரண்டு இன்ச்சில் விற்பது அடிக் கணக்கில் வளரலாம்.

நன்னீர் மீனுக்கு "ஒரு காலனுக்கு ஒரு இன்ச் மீன்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கடல் மீனுக்கு அது எடுபடாது. சின்ன மீன் ஒன்று மூன்று அடிப் பாறையைத் தன் சொத்து என்று வைத்துக்கொள்ளும். பெரிய மீன் ஒன்று யாரையும் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருக்கும்.

ஒத்துப்போகாததைத் தேட வேண்டும்

மீன் பொருத்தத்துக்கு அட்டவணைகள் இருக்கின்றன. மேலே பத்துப் பதினைந்து மீன் பெயர், பக்கத்தில் அதே பெயர்கள், நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். ஜாதகக் கட்டம் மாதிரியேதான். தினப் பொருத்தம், கணப் பொருத்தம் எல்லாம் சரி, ஆனால் எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள், யார் முதலில் குடிவந்தார்கள் என்று ஜாதகம் சொல்லாது. அட்டவணையும் சொல்லாது.

கல்யாணத்துக்கு நாம் ஒத்துப்போவதைத் தேடுவோம்: ஒரே ஊர், ஒரே சாப்பாடு, ஒரே பழக்கம். மீனுக்கு நேர் எதிராகப் பார்க்க வேண்டும். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு என்றால் அங்கேதான் சண்டை. பவளப்பாறையில் தன்னைப் போலவே இருக்கிறவன்தான் தன் குகைக்கும் தன் பாசிக்கும் போட்டி. வேறு மாதிரி இருக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

டாங் என்று சொல்கிற மீன்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும், அதனால் சர்ஜன் ஃபிஷ் என்று இன்னொரு பெயர். மஞ்சள் டாங் இருக்கிற தொட்டியில் அதே உருவத்தில் இன்னொரு டாங்கை விட்டால், புதிதாக வந்தது பெரும்பாலும் மூலையில்தான் நிற்கும். அதே மஞ்சள் டாங், தரையில் குழி தோண்டி வாழும் கோபியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதனால் நாங்கள் மீனை வைத்து யோசிப்பதை விட்டுவிட்டுத் தொட்டியை வைத்து யோசித்தோம். ஆறு அடித் தொட்டி ஒரு அபார்ட்மென்ட் என்று வையுங்கள். மணல் தரையில் ஒரு வீடு. பாறைக் குகையில் ஒரு வீடு. நடுத் தண்ணீரில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு இடம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நீந்த ஒரு நீள வராண்டா. ஒரு வீட்டுக்கு ஒரு குடித்தனம் என்று நிரப்பினால் சண்டை பாதியாகக் குறையும்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பவளம் வைக்கப் போகிறோமா, மீன் மட்டுமா? பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தைக் கொத்தித் தின்னும். கிளாத்தியோடு இறாலும் நண்டும் வைக்க முடியாது. ஒரு வருஷம் கழித்து மென்பவளம் வைக்க வேண்டும், இப்போதே இறால் வைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும், மகனின் புள்ளிக் கிளாத்தி தானாக விலகிக்கொண்டது. "அது இறாலைச் சாப்பிட்டுடும்" என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாத்தா சொன்ன பல்லை அவனே ஞாபகம் வைத்திருந்தான்.

பசங்களின் பட்டியல்

இரண்டு பேரும் ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம்.

நீமோ. இது சுலபம். க்ளவுன் ஃபிஷ் இப்போது பண்ணையிலேயே குஞ்சு பொரித்து வளர்கிறது. விலையும் குறைவு, பண்ணைத் தீனிக்கும் பழகியிருக்கும். ஜோடியாக வைக்கலாம். எல்லாமே ஆணாகப் பிறக்கும், இரண்டில் பலமானது பெண்ணாக மாறும், அந்தப் பெண் போய்விட்டால் அடுத்த ஆண் பெண்ணாகும். "அப்ப நீமோவோட அம்மா போனதும் அப்பா அம்மாவாயிடணும்ல?" என்று மகள் கேட்டாள். 2003-ல் அந்தப் படம் எடுத்தவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. அனிமோனி இல்லாமலே க்ளவுன் நன்றாக இருக்கும். புதுத் தொட்டியில் அனிமோனி நிற்காது, ஒரு வருஷமாவது ஆக வேண்டும்.

சிங்க மீன், அதாவது லயன் ஃபிஷ். வாய்க்குள் போகும் அளவில் இருக்கும் எல்லாவற்றையும் விழுங்கும். களவா கதைதான். இதில் டெக்சாஸுக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து மீன் இது. 1980-களிலிருந்து ஃப்ளோரிடாப் பக்கம் தென்பட ஆரம்பித்து, பெருகிப் பெருகி, 2011-ல் நம் டெக்சாஸ் கரைக்கு வெளியே உள்ள ஃப்ளவர் கார்டன் பேங்க்ஸ் பவளப்பாறை வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோய்க் கடலில் விட்டதுதான் ஆரம்பம் என்று பலமாக நம்புகிறார்கள். இன்றைக்கு அந்த வளைகுடாவில் அதற்கு எதிரி என்று பெரிதாக யாரும் இல்லை. வளர்க்க முடியாத மீனைக் கால்வெஸ்டனில் கொண்டுபோய் விடுவது கருணை ஆகாது.

மாண்டரின். நீலமும் ஆரஞ்சுமாகப் பட்டுச் சேலை பார்டர் மாதிரி இருக்கும். பாறையில் ஊரும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகளைத்தான் நாள் முழுக்கக் கொத்தும். புதுத் தொட்டியில் அந்தப் பூச்சி இருக்காது. அழகாக இருக்கிறதே என்று வாங்கினால் சில வாரத்தில் பட்டினியில் போய்விடும். "ஒரு வருஷம் கழிச்சுப் பேசலாம்" என்ற பட்டியலுக்கு மாற்றினோம்.

கடல் குதிரை. வேகமாகத் தின்கிற மீன்களோடு அதனால் போட்டி போட முடியாது. அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

பச்சை க்ரோமிஸ், கூட்டமாக. கடையில் ஆறு, எட்டு என்று வாங்கச் சொல்வார்கள். கடலில் பெரிய கூட்டமாக இருக்கும் மீன். தொட்டியில் பலவீனமானதை மற்றவை துரத்தித் துரத்தி, எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டாகிவிடுகிற கதை நிறைய வீட்டில் நடந்திருக்கிறது. அதற்குப் பதிலாகச் சாதுவான பைஜாமா கார்டினல் ஐந்து. பின்பாதி உடம்பில் புள்ளி போட்ட பைஜாமா போட்ட மாதிரியே இருக்கும். பெயருக்காகவே மகன் ஒத்துக்கொண்டான்.

கடைசியாக டோரி. நீல டாங். மகள் எட்டு வயது. தொட்டி வருகிறது என்று சொன்ன அன்றிலிருந்து அவளுக்கு டோரிதான் தொட்டி. கடையில் மூன்று இன்ச். வளர்ந்தால் ஒரு அடி. நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். புண் மாதிரி வெள்ளைப் புள்ளி நோய் முதலில் வருவதும் அதற்குத்தான். 180 காலன் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு அடி வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மகளை ஆறு அடித் தொட்டி முன்னால் நிற்கவைத்து, ஒரு அடி ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். இது டோரி. இந்தக் கோடி வரைக்கும் போகலாம், பிறகு திரும்பணும். திரும்பிக்கொண்டே இருக்கணும், இருபது வருஷம்.

அவள் அழுதாள். "அப்ப எதுக்கு கடையில விக்கறாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. விற்பது வேறு, வளர்ப்பது வேறு என்று மட்டும் சொல்ல முடிந்தது. மறுநாள் அவளே பட்டியலில் டோரி பெயருக்குப் பக்கத்தில் "நம்ம வீடு சின்னது" என்று தமிழில் எழுதிவைத்திருந்தாள். "சின்னது" எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருந்தது.

யார் முதலில் குடி வருவது

பட்டியல் முடிந்ததும் வரிசை. சாதுவானது முதலில், முரடானது கடைசியில். முதலில் வருகிறவனுக்கு இடம் தெரிந்துவிடும், குகை கிடைத்துவிடும். முரடன் முதலில் வந்துவிட்டால் தொட்டி முழுக்க அவன் பட்டா நிலம். டாம்சல் என்கிற சின்ன மீனைப் பழைய காலத்தில் முதலில் விடுவார்கள், சீக்கிரம் சாகாது என்று. அது சாகாது, பின்னால் வருகிறவர்களை வாழவும் விடாது. பிடித்து எடுக்க வேண்டுமென்றால் பாறையெல்லாம் பிரிக்க வேண்டும்.

முதல் ஆறு வாரம் மீனே இல்லை. பாறையும் மணலும் தண்ணீரும் மட்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த நேரத்தில்தான் பெருகும். இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான், அவசரப்படுத்த முடியாது. தினமும் டெஸ்ட் கிட்டில் நிறம் பார்த்து எழுதுவது மகனின் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் "மீன் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒவ்வொரு மீனும் முதலில் லாண்ட்ரி ரூமில் உள்ள 20 காலன் தொட்டியில் நான்கு வாரம். க்வாரன்டீன் என்ற வார்த்தையை 2020-க்குப் பிறகு பசங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை மீன் இல்லாமல் வைக்க வேண்டும். பொதுவாகச் சொல்லும் கணக்கு 76 நாள். மருந்தாகப் போடும் செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும், அதனால் மருந்து வைத்தியமெல்லாம் சின்னத் தொட்டியில்தான்.

எங்கள் வரிசை இது. முதலில் மணலில் குடியிருக்கும் மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, அதோடு ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது குழி தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். கூடவே ஐந்து பைஜாமா கார்டினலும், கூச்ச சுபாவமுள்ள ஃபயர் ஃபிஷ் ஒன்றும். இரண்டாவதாக க்ளவுன் ஜோடி, குகைக்கு ஒரு ராயல் க்ராமா. பாதி ஊதா, பாதி மஞ்சள். இதே நிறத்தில் ராயல் டாட்டிபேக் என்று இன்னொன்று விற்கும், அது ரவுடி, மாற்றி வாங்கிவிடாதீர்கள். மூன்றாவதாக ஃபேரி ராஸ் ஒன்று. நான்காவது, தாத்தாவின் ஒரா. எல்லாருக்கும் கடைசியில், வராண்டாவில் நீந்த மஞ்சள் டாங் ஒன்றே ஒன்று. மொத்தம் பதின்மூன்று மீன். முதல் மீனிலிருந்து கடைசி மீன் வரை எட்டு மாதம் போட்டிருக்கிறோம். இதை எழுதும்போது ராஸ் வரை வந்திருக்கிறோம். ஒரா லாண்ட்ரி ரூமில் இருக்கிறது.

ஃபயர் ஃபிஷும் ராஸும் பயந்தால் குதிக்கும். தொட்டிக்கு மேலே வலை மூடி கட்டாயம்.

அங்கே ஒரு கடல்

மீன் பொருத்தத்தில் இன்னொரு பொருத்தமும் பார்க்க வேண்டியிருக்கிறது: இந்த மீன் எங்கிருந்து வந்தது? கடல் மீன் வியாபாரத்தில் பெரும்பகுதி இன்னும் கடலில் பிடித்ததுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை என்று பல இடத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்து, அங்கிருந்து நம் ஊர்க் கடைக்கு வருகிறது. சில இடங்களில் சயனைட் தெளித்து மயக்கிப் பிடிப்பது சட்டப்படி தவறு என்றாலும் நடந்திருக்கிறது. மஞ்சள் டாங் முன்னால் ஹவாயிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அனுமதி தரக் கூடாது என்று 2017-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 2015-ல், ஹவாயிலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் அதை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியிருந்தது. 2016-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் நீல டாங்கையும் வளர்த்தது. எங்களுக்கு வரப்போகும் மஞ்சள் டாங் பண்ணையில் பிறந்தது. விலை அதிகம். அந்த அதிகம் சரிதான் என்று நினைக்கிறோம்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுன் மீன்களைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் செய்திருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றி இருந்த பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன.

அதனால் ஊருக்குப் போகும்போது ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். ராமேஸ்வரம் கடற்கரையில் கிடக்கிற பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை இதெல்லாம் தொட்டிக்கு அழகாக இருக்குமே என்று சூட்கேஸில் போடாதீர்கள். 2001-லிருந்து இந்திய வனவிலங்குச் சட்டத்தில் பவளமும் கடல் குதிரையும் புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் இங்கேயே செய்துகொள்ளலாம், பாறையும் இங்கேயே கிடைக்கும்.

யார் பார்த்துக்கொள்வது

தொட்டி வாங்கும்போது எல்லாரும் விலையைக் கேட்கிறார்கள். மீனின் வயதை யாரும் கேட்பதில்லை. க்ளவுன் ஃபிஷ் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷத்தையும் தாண்டும். மஞ்சள் டாங் கடலில் 40 வருஷம் வரைக்கும் இருந்திருக்கிறது. நாயைவிட, நம் கார் லோனைவிட, ஒருவேளை இந்த வீட்டு மார்ட்கேஜைவிட நீளம். பசங்க கேட்டார்கள் என்று வாங்குகிறோம். பசங்க வீட்டில் இருக்கப் போவது பத்து வருஷம்.

இதை இரவு சாப்பாட்டில் பேசினோம். என் கணவர் வெளிப்படையாகவே கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் காலேஜ் போனதும் ஒராவுக்கு யாரு கீரை போடுவா?"

மகன் யோசித்தான். மகள், தன் பதினெட்டு வயதில் மஞ்சள் டாங்குக்குப் பத்து வயது ஆகும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவதை இப்போதே கற்றுக்கொள்கிறேன் என்றாள். உப்பு கரைத்து, அடர்த்தி 1.025 வந்திருக்கிறதா என்று பார்த்து, சூடு பார்த்து, அப்புறம்தான் ஊற்றணும். இரண்டு வாரமாக அவள்தான் செய்கிறாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு தாத்தா.

அப்பாவுக்குத்தான் கவலையே இல்லை. "யூ.டி.டி. பத்து நிமிசத்துல இருக்கு" என்றார். "அங்கனயே படிச்சா ரெண்டு பேரும் தெனமும் வந்து மீனுக்குச் சோறு போட்டுட்டுப் போலாம்லா."

என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீனை ரிச்சர்ட்சனில் கட்டிப்போட முடியும். மற்றவர்களைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.